மரச்சீனிக்கும் மீன்கறிக்கும் எந்த பாட்டில்? ஏழு இந்திய ஒயின்கள், நம் ஊர்ச் சாப்பாட்டோடு

குமரி மாவட்டத்தில் ஒயின் என்ற சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு ருசி உண்டு. கிறிஸ்துமஸ் கேக்கோடு சின்ன கிளாஸில் வரும், பட்டையும் கிராம்பும் மணக்கும், சர்க்கரை தூக்கலான சிவப்பு ஒயின்தான் அது. அந்த நாக்கோடு போய் கேபர்னே சாவிஞான் என்ற துவர்ப்புச் சிவப்பு ஒயினைத் திறந்தால் ‘என்ன இது, கசக்குது’ என்றுதான் தோன்றும். அதையே சாளைக்கறியோடு (சாளை என்றால் மத்தி மீன்) குடித்துப் பார்த்தால் வாயில் துருப்பிடித்த ஆணியைச் சப்பியது போல இருக்கும். ஒயினும் கெட்டுப்போகவில்லை, கறியும் கெட்டுப்போகவில்லை. ஜோடிதான் சேரவில்லை.

வெள்ளை இறைச்சிக்கு வெள்ளை ஒயின், சிவப்பு இறைச்சிக்குச் சிவப்பு ஒயின் என்று ஒரு பாடம் எங்கும் ஓதப்படுகிறது. மிளகாயும் புளியும் இல்லாத சமையலுக்கு அது சரி. நம் ஊரில் ஒரே நெய்மீன் மாங்காய் போட்டு வெள்ளையாகவும் வரும், வறுத்தரைத்துக் கருஞ்சிவப்பாகவும் வரும், மசாலா புரட்டிப் பொரித்தும் வரும். மூன்றுக்கும் மூன்று பாட்டில் வேண்டும். எனவே மீனைப் பார்க்காமல் அது கிடக்கும் சாற்றைப் பார்த்து ஒயினைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கீழே சொல்லும் ஏழு பாட்டிலையும் இந்த ஒரே அளவுகோலால்தான் எடை போட்டிருக்கிறது.

சோதிக்கும் முறை எளிது. முதலில் ஒயினை மட்டும் ஒரு வாய். பிறகு கறி ஒரு வாய், நன்றாக மென்று விழுங்க வேண்டும். சாறு நாக்கில் இருக்கும்போதே மறுபடி ஒயின். இரண்டாவது வாய் ஒயின் முதல் வாயைவிட நன்றாக இருந்தால் ஜோடி சேர்ந்தது. தண்ணீர் மாதிரி வெறுமையாகவோ, கசப்பாகவோ, எரிச்சலாகவோ மாறினால் சேரவில்லை. இடையில் தண்ணீர் குடித்துவிட்டால் சோதனை வீண்.

சுலா செனின் பிளாங்

குமரிச் சாப்பாட்டுக்கு ஒரே ஒரு பாட்டில்தான் வாங்க முடியும் என்றால் இதை வாங்கலாம். சுலா என்பது நாசிக்கில் இருக்கும் ஒயின் நிறுவனம், செனின் பிளாங் அங்கே விளையும் வெள்ளை ஒயின் திராட்சை. இலேசான இனிப்பு மிச்சம் வைத்துச் செய்தது, நல்ல புளிப்பும் உண்டு. ஒயின் தெரிந்தவர்கள் சிலர் இந்த இனிப்பைக் கண்டு முகம் சுளிப்பார்கள். மசித்த மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) சாளைப் புளிமுளம் என்ற புளிக்கறியும் இருக்கும் தட்டுக்கு முன்னால் அந்தச் சுளிப்பு நிற்காது.

காரணம் இப்படி. மிளகாயின் காரத்தை ஆல்கஹால் தூண்டிவிடும். ஆல்கஹால் கூடக்கூட எரிச்சலும் கூடும். சர்க்கரை அதைத் தணிக்கும். ஆகவே காரக் கறிக்கு ஆல்கஹால் குறைந்த, கொஞ்சம் இனிப்புள்ள ஒயின் வேண்டும். இன்னொரு பக்கம் புளி. வாளன்புளியில் மிகுதியாக இருப்பது டார்டாரிக் அமிலம். திராட்சையிலும் அதே அமிலம்தான் முதன்மை. கறியின் புளிப்பு ஒயினின் புளிப்பைவிட ஓங்கி நின்றால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தால் ஒன்றையொன்று தாங்கும். செனின் பிளாங் இயல்பிலேயே புளிப்பு மிகுந்த திராட்சை என்பதால் நம் புளிக்கு முன்னால் சாயாமல் நிற்கிறது.

மரச்சீனியின் பங்கையும் மறக்கக் கூடாது. சோற்றைவிட மசித்த கிழங்கு நாக்கில் கனமாகப் படியும். அதில் கொஞ்சம் தேங்காயும் சீரகமும் பச்சைமிளகாயும் அரைத்துச் சேர்த்திருப்பார்கள். அந்தப் படிவை மீன்சாறு பாதி கழுவும், மீதியை ஒயின் கழுவும். ஒரு கவளம் கிழங்கைச் சாற்றில் தொட்டு, சாளையின் முள் எடுத்த ஒரு துண்டை மேலே வைத்து விழுங்கியதும் குடித்துப் பாருங்கள். முதல் வாயில் தேனும் ஆப்பிளும் மணந்த ஒயினில் இப்போது எலுமிச்சைத் தோலின் வாசனை மேலே வரும். இனிப்பு பின்னால் போய்விடும்.

சமையலிலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். அரைக்கிலோ சாளைக்கு மூன்று தேக்கரண்டி மிளகாய்த்தூள் போடும் வீடானால் ஒன்றரையாகக் குறைத்து, நிறத்துக்குக் காஷ்மீரி மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி சேர்க்கலாம். புளியைக் குறைக்க வேண்டாம். உப்பைக் கொஞ்சமும் குறைக்க வேண்டாம்; உப்பு இருந்தால்தான் ஒயினின் கசப்பும் புளிப்பும் மென்மையாகத் தெரியும்.

விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் கொடம்புளி போடும் கறியோடு இந்த ஒயின் இன்னும் ஒரு படி நன்றாகப் பொருந்துகிறது. கொடம்புளியின் புளிப்பு வேறு வகை, மெதுவாக ஏறி நெடுநேரம் நிற்பது. அதிலிருக்கும் புகை மணத்தோடு ஒயினின் இனிப்பு நன்றாகச் சேர்கிறது. முந்தின நாள் வைத்த கறியானால் இன்னும் மேல்.

சுலா சாவிஞான் பிளாங்

இது இனிப்பில்லாதது. பச்சைக் குடைமிளகாய், நறுக்கிய புல், நெல்லிக்காய் மாதிரியான பச்சை வாசனை. அந்தக் குடைமிளகாய் மணம் கற்பனையில்லை; பைரசின் வகைச் சேர்மங்கள் குடைமிளகாயிலும் இந்தத் திராட்சையிலும் ஒன்றாகவே இருக்கின்றன. அதனால் பச்சையாக வரும் நம் பண்டங்களுக்கெல்லாம் இது பொருத்தம். மாங்காய், பச்சைமிளகாய், தேங்காய் அரைத்த நெத்திலி அவியல் முதலிடம். காய்கறி அவியலும் சேரும், ஆனால் தயிர் புளித்திருக்கக் கூடாது. கறிவேப்பிலை கிள்ளிப்போட்டு, கடைசியில் பச்சைத் தேங்காயெண்ணெய் ஒரு கரண்டி விட்டு இறக்கிய பண்டம் எதுவானாலும் தைரியமாக இதைத் திறக்கலாம்.

தோற்கும் இடமும் சொல்ல வேண்டும். வறுத்தரைத்த கறி, உள்ளித்தீயல் முன்னால் இது நிற்காது. தேங்காயைக் கருஞ்சிவப்பாக வறுத்ததும் இலேசான கசப்பு வரும். அந்தக் கசப்பு பச்சை வாசனையை விழுங்கிவிட்டு வெறும் புளிப்பை மட்டும் மிச்சம் வைக்கும்.

சுலா ஜின்ஃபாண்டல் ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயின் இறால் தொக்குக்கும் நண்டுக்கும் நல்லது. குளிர்ந்தே இருக்க வேண்டும். வேறொன்றும் சொல்லத் தேவையில்லை.

சுலா பிரூட்

நுரைக்கும் ஒயின். பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்க வைக்கும் பழைய முறையில் செய்தது. பொரித்த பண்டத்துக்கு இதைவிட நல்ல துணை கிடையாது. தேங்காயெண்ணெயில் பொரித்த நெத்திலி, விளமீன் வறுவல், ஏத்தங்காய் சிப்ஸ், பப்படம். எண்ணெய்ப் பூச்சைக் குமிழிகள் தூக்கிவிடும், புளிப்பு துடைத்துவிடும், உப்பு ஒயினை இனிக்கச் செய்யும். கல்யாண வீட்டுக்கு ஒதுக்கி வைக்கும் ஆடம்பரம் என்று இதை நினைக்கிறார்கள். மாலை நேரத்து மீன் வறுவல் தட்டுக்குத்தான் இது முழுதாகப் பயன்படும்.

திறக்கும்போது கவனம். கம்பியை அவிழ்த்ததும் கட்டைவிரலைக் கார்க் மேலிருந்து எடுக்கக் கூடாது. பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து, கார்க்கை அசையாமல் வைத்து, பாட்டிலைத் திருப்ப வேண்டும். ‘டப்’ என்று வெடித்தால் குமிழியில் பாதி போச்சு. குளிராத பாட்டில் நிச்சயம் வெடிக்கும்.

குரோவர் சாம்பா லா ரிசர்வ், சுலா டிண்டோரி ரிசர்வ் ஷிராஸ்

இரண்டும் ஓக் பீப்பாயில் கிடந்து வந்த சிவப்பு. முதலாவது பெங்களூருக்கு அருகே நந்தி மலைப் பக்கத்தது, கேபர்னே சாவிஞானும் ஷிராஸும் கலந்தது. இரண்டாவது நாசிக் மாவட்டத்து டிண்டோரி ஷிராஸ்.

கடல் மீனோடு இரண்டையும் வைக்க வேண்டாம். அந்தத் துரு ருசிக்குப் பழி பெரும்பாலும் டானின் என்னும் துவர்ப்பின் மேல்தான் போடப்படும். 2009-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் வேறொரு காரணத்தைக் காட்டினார்கள்: ஒயினில் கரைந்திருக்கும் இரும்பு, மீன் கொழுப்போடு சேர்ந்து கவிச்சியைக் கிளப்புகிறது. சிவப்பு ஒயினில் இரும்பு கூடுதலாக இருப்பது வழக்கம். நம் கரைக்கு நிறைய வரும் சாளை, அயலை, சூரை மூன்றும் கொழுப்பு மீன்கள். எனவே இந்த மாவட்டத்தில் சிவப்பு ஒயினுக்கு இடம் இறைச்சி வேகும் கறிச்சட்டியில்தான், மீன்சட்டியில் கிடையாது.

கறிச்சட்டியில் நிலைமை தலைகீழ். தேங்காய்க் கொத்து போட்டு, மிளகு தூக்கலாகச் சுருள வதக்கிய பீஃபுக்கு டிண்டோரி ஷிராஸ் பிரமாதம். கருமிளகின் மணத்துக்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற பொருள் ஷிராஸ் திராட்சைத் தோலிலும் இருப்பதை ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2008-ல் கண்டறிந்தார்கள். அதே போல, தணலில் வாட்டிய ஓக் கட்டையிலிருந்து ஒயினுக்கு யூஜினால் இறங்கும். கிராம்புக்கு மணம் கொடுப்பதும் அதேதான். 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி கிராம்பு நம் மலையோரத்தில்தான் விளைகிறது. ஓக் கட்டையில் தேங்காய் மணக்கும் லாக்டோனும் உண்டு. மிளகு, கிராம்பு, தேங்காய் மூன்றும் சட்டியிலும் இருக்கிறது, கிளாஸிலும் இருக்கிறது. பிறகு ஏன் சேராது?

மசாலாவில் ஒரு திருத்தம்: காரம் முழுக்க மிளகிலிருந்து வர வேண்டும். மிளகாய்த்தூள் ஒரு கிலோ கறிக்கு ஒரு தேக்கரண்டி தாண்டினால் ஆல்கஹால் பதின்மூன்று சதவீதத்தைத் தாண்டும் சிவப்பு ஒயின் தொண்டையில் எரியும். கறியில் கொழுப்பு இருக்கட்டும். கொழுப்பும் புரதமும்தான் டானினின் துவர்ப்பைப் பிடித்து அடக்கும். மெலிந்த கறியானால் ஒயின் கரகரக்கும். லா ரிசர்வுக்கு டானின் கூடுதல், எனவே ஆட்டு நெஞ்செலும்பு மாதிரிக் கொழுப்புள்ள பாகம் சரி. கோழிக்கு ஷிராஸ் போதும்.

சுலா லேட் ஹார்வெஸ்ட் செனின் பிளாங்

கொடியிலேயே அதிக நாள் விட்டுப் பழுக்க வைத்த திராட்சையில் செய்த இனிப்பு ஒயின், 375 மில்லி சின்ன பாட்டிலில் வருவது. பாயசத்துக்கு வைக்கலாம் என்று ஆசை வரும். வேண்டாம். இனிப்புப் பண்டத்தைவிட ஒயின் இனிப்பாக இருக்க வேண்டும் என்பது மாறாத விதி. அடைப் பிரதமனுக்கு முன்னால் எந்த ஒயினும் புளித்த தண்ணீர்தான். முந்திரிக்கொத்து சரியாகச் சேர்கிறது. பயறும் பொரித்த மேல்மாவும் இனிப்பை மட்டுப்படுத்துகின்றன, கருப்பட்டியின் கருகல் மணம் ஒயினின் தேன் மணத்தோடு ஒட்டுகிறது. நன்றாகக் கனிந்த மட்டிப்பழமும் சேரும்.

எதோடும் சேராதவை

ரசம், புளிசேரி, கடுமாங்காய், நார்த்தங்காய் ஊறுகாய். இவற்றில் ஏதாவது ஒன்று நாக்கில் பட்டால் அடுத்த பத்து நிமிடத்துக்கு ஒயின் ருசிக்காது. இலை போட்ட முழுச் சாப்பாட்டில் இவை எல்லாமே வரிசையாக வரும் என்பதால் அந்த இலைக்குப் பக்கத்தில் பாட்டிலை வைப்பதே வீண். ராத்திரி, இரண்டு மூன்று பண்டங்களோடு முடியும் சாப்பாடுதான் ஒயினுக்கு உகந்தது.

வாங்குவதும் வைப்பதும்

தமிழ்நாட்டில் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில். சாதாரணக் கடையைவிட எலைட் கடைகளில் வகை கூடுதல், நாமே எடுத்துப் பார்க்கலாம். மேலே சொன்ன ஏழும் ஒரே கடையில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பெயர் கிடைக்காவிட்டால் திராட்சை வகையைப் பார்த்து வாங்குங்கள். 21 வயது ஆகாதவருக்கு விற்பனை இல்லை. ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கடையே இல்லை, விருந்துத் தேதியைப் பார்த்து முன்கூட்டி வாங்குங்கள்.

நம் ஊரில் ஒயினைக் கெடுப்பது வெயில். கண்ணாடி அலமாரியில் மாதக்கணக்காக நின்ற பாட்டிலை எடுக்கக் கூடாது. கார்க் அடைத்த பாட்டிலானால் மேல் உறையைத் தடவிப் பாருங்கள். கார்க் விளிம்பைவிட மேலே தள்ளியிருந்தாலோ, உறைக்குக் கீழே பிசுபிசுத்தாலோ உள்ளே சூடேறி விரிந்திருக்கிறது. திறந்தால் புதுப் பழ வாசனைக்குப் பதில் வேகவைத்த பழ வாசனை அடிக்கும். வெள்ளை ஒயின் வைக்கோல் நிறத்திலிருந்து பழுப்பாக மாறியிருந்தாலும் விட்டுவிடுங்கள். வெள்ளையும் ரோஸேயும் லேபிளில் உள்ள ஆண்டிலிருந்து இரண்டு வருடத்துக்குள் இருப்பதையே எடுக்கலாம். திருகு மூடி மட்டம் என்று நினைப்பது தப்பு. இந்தச் சூட்டுக்குக் கார்க்கைவிடத் திருகு மூடி பாதுகாப்பு.

வீட்டில் வெள்ளையை 8 முதல் 10 டிகிரியில் ஊற்ற வேண்டும். ஃப்ரிட்ஜில் மூன்று மணி நேரம் வைத்து, ஊற்றுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் வெளியே எடுத்தால் சரியாக இருக்கும். அவசரமானால் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், இரண்டு கைப்பிடி கல்லுப்பு, இருபது நிமிடம். தண்ணீர் இல்லாமல் வெறும் ஐஸில் சொருகினால் பாட்டிலைத் தொடும் இடம் மட்டும்தான் குளிரும். சிவப்பை ‘அறை வெப்பத்தில்’ குடிக்கச் சொல்வது குளிர்நாட்டு அறைக்கு. நாகர்கோவில் அறையில் 30 டிகிரி இருக்கும்போது அதையும் அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். 16 முதல் 18 டிகிரி இலக்கு. சூடான சிவப்பில் ஆல்கஹால் நெடிதான் முதலில் மூக்கில் ஏறும்.

எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், வாய் குறுகிய கண்ணாடி கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றினால் மணம் உள்ளே நிற்கும். 750 மில்லி பாட்டிலில் 150 மில்லியாக ஐந்து கிளாஸ். திறந்த பாட்டிலை மூடி ஃப்ரிட்ஜில் நிறுத்தி வைத்தால் மூன்று நாள் தாங்கும், சிவப்பும் அங்கேதான். அதற்கு மேல் புளித்துப்போனால் குடிக்க வேண்டாம். மாட்டுக்கறி ஊற வைக்க உதவும்.

தோட்டம் பார்க்கப் போகிறவர்களுக்கு

குமரியில் ஒயின் ஆலை தேடி அலைய வேண்டாம். இரண்டு பருவமழையும் பெய்யும் மண் இது. காய் பழுக்கும்போது இலையில் ஈரம் நின்றால் திராட்சைக்கு அடிச்சாம்பல் நோய் வரும். இந்த மண் நமக்குத் தந்த கொடை பனையிலிருந்து வருகிறது. கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கும் அக்கானி (பதநீர்) நொதிக்காமல் இனிப்பாகவே நிற்கும். சுண்ணாம்பு தடவாவிட்டால் அது கள். தமிழ்நாட்டில் 1987 முதல் தடை. மது தொடாத விருந்தாளிக்குப் பொரித்த நெத்திலியோடு குளிர்ந்த அக்கானி கொடுத்துப் பாருங்கள். உப்பும் இனிப்பும் சேரும் அந்த ஜோடி இந்தக் கட்டுரையின் பாதி ஒயின்களை அடித்துவிடும்.

திராட்சைக் கொடியை மட்டும் பார்க்க வேண்டுமானால் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே விளையும் பன்னீர் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் இனம், 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றி மாற்றிக் கவாத்து செய்வதால் வருடம் முழுக்க ஏதாவது ஒரு பந்தலில் பழம் தொங்கும்.

ஆலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமென்றால் நமக்கு வசதி பெங்களூர்தான். நாகர்கோவிலில் இரவு ரயில் ஏறினால் காலையில் அங்கே. தொட்டபல்லாபுராவில் இருக்கும் குரோவர் சாம்பா ஆலை நகரத்திலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். கொடி, எஃகுத் தொட்டி, பீப்பாய் அறை, கடைசியில் ருசி மேசை என்று சுற்றிக் காட்டுவார்கள். முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள், சனி ஞாயிறைத் தவிர்த்தால் கேள்வி கேட்க நேரம் கிடைக்கும். பிப்ரவரி, மார்ச் நல்ல காலம். மழை முடியும் தறுவாயில், செப்டம்பர் அக்டோபரில் கவாத்து செய்து, பழம் குளிரும் வறட்சியும் சேர்ந்த மாதங்களில் பழுக்கும்படி வைத்திருக்கிறார்கள். ஜூலையில் போனால் இலையைப் பார்த்துவிட்டு வரலாம்.

வரும்போது பெட்டியாக வாங்கி வரும் ஆசை எழும். மாநில எல்லை தாண்டிக் கொண்டுவர மதுவிலக்கு, ஆயத்தீர்வை விதிகள் உண்டு. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் வாங்குவதற்கும் இதே கதைதான். அனுமதி என்னவென்று கேட்காமல் ஏற்றாதீர்கள். வண்டி ஓட்டுபவர் மேசையில் உட்காரக் கூடாது, துப்பும் கிண்ணம் இருந்தாலும்.

ருசி மேசைக்குச் சென்ட் அடித்துக்கொண்டு போகக் கூடாது என்று சொல்வார்கள். தோவாளைப் பிச்சிப்பூவுக்கும் அது பொருந்தும். தலையில் ஒரு முழம் இருந்தால் பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கூட எல்லா ஒயினும் பிச்சி மணக்கும். வெறும் வயிற்றோடு உட்காராதீர்கள். வெள்ளையில் தொடங்கிச் சிவப்பில் முடிக்கும் வரிசையை மாற்றச் சொல்லாதீர்கள். பையில் ஒரு பொட்டலம் ஏத்தங்காய் சிப்ஸ் இருக்கட்டும். நுரைக்கும் ஒயின் வரும்போது இரண்டு, துவர்க்கும் சிவப்பு வரும்போது இரண்டு. இடையில் தின்றால் மற்ற கிளாஸ்களின் ருசி தெரியாது.